அரிசோனா ஃபேப் ஏன் இழுத்தது: கட்டடமா, குழாயா, ஆளா?

செந்தாழை – கேள்வி

வணக்கம். தைவானின் சிப் நிறுவனம் டிஎஸ்எம்சி அமெரிக்காவின் அரிசோனாவில் கட்டிய ஃபேபை, அதாவது சிப் ஆலையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். ஒன்று மட்டும் பிடிபடவில்லை.

2020 மே மாதம் அறிவித்தார்கள். 12 பில்லியன் டாலர் முதலீடு, 5 நானோமீட்டர் நுட்பம் (எண் குறையக் குறைய நுட்பம் நுணுக்கமானது), மாதம் 20,000 வேஃபர் (சிப்கள் உருவாகும் சிலிக்கான் வட்டு), 2024-இல் உற்பத்தி. 2021 ஏப்ரலில் ஃபீனிக்ஸ் நகரின் வடக்கே கட்டுமானம் தொடங்கியது. 2023 ஜூலையில் அப்போதைய தலைவர் மார்க் லியு, கருவிகளைப் பொருத்தத் தெரிந்த ஆட்கள் போதவில்லை, அதனால் உற்பத்தி 2025-க்குத் தள்ளிப்போகிறது என்றார். கடைசியில் 2024 நான்காம் காலாண்டில் 4 நானோமீட்டரில் பெருமளவு உற்பத்தி ஆரம்பித்தது. அதே நிறுவனம் ஜப்பானின் குமமோட்டோவில் 2022 ஏப்ரலில் வேலையைத் தொடங்கி 2024 பிப்ரவரி 24 அன்று திறப்பு விழாவே நடத்திவிட்டது.

நான் சிவில் பக்கம். கான்கிரீட் வரைக்கும் புரியும், அதற்கு மேலே நடப்பது தெரியாது. என் கேள்விகள்:

இத்தனை மாதம் எந்தக் கட்டத்தில் போனது? எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அணு உலை எல்லாம் கட்டிய நாட்டில் குழாய் பொருத்த ஆள் இல்லை என்றால் எப்படி நம்புவது? ஆலையை ஓட்டுவதற்கு எத்தனை பேரை, எவ்வளவு முன்னாலேயே எடுக்க வேண்டும்?

அரசியல் வேண்டாம். வேலை விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அடித்தளம் – பதில்

முதலில் தேதிகளைச் சரியாகப் பொருத்துங்கள். குமமோட்டோவின் திறப்பு விழாவை அரிசோனாவின் உற்பத்தித் தேதியோடு ஒப்பிடுகிறீர்கள். குமமோட்டோவில் உற்பத்தி தொடங்கியது 2024 கடைசியில். அதாவது முதல் மண்வெட்டிலிருந்து சுமார் 32 மாதம். அரிசோனாவுக்கு 43 மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். வித்தியாசம் ஏறக்குறைய ஒரு வருடம்.

அந்த ஒரு வருடம் எங்கே போனது என்று பாருங்கள். அரிசோனாவில் முதல் கருவிகள் உள்ளே வந்த விழா 2022 டிசம்பர் 6. வேலை ஆரம்பித்து 20 மாதம். குமமோட்டோவில் இரவு பகலாக ஷிஃப்ட் போட்டுக் கட்டடத்தை முடித்ததும் ஏறத்தாழ அதே 20 மாதத்தில்தான். விழா நடந்துவிட்டதால் கிளீன்ரூம் (தூசி புகாத உற்பத்தி அறை) முழுக்கத் தயாராகிவிட்டது என்று அர்த்தமில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பெரிய இழுபறி கருவி உள்ளே வந்த பிறகுதான். அரிசோனாவுக்கு அங்கிருந்து உற்பத்திக்கு இரண்டு வருடம் பிடித்தது, குமமோட்டோவுக்கு ஒரு வருடம்.

நீங்கள் சிவில் என்பதால் கட்டடத்தில் தவறு நேரும் இடங்களைச் சொல்கிறேன்.

கிளீன்ரூம் தளம் என்பது முழுக்கத் துளைகள் உள்ள தடித்த கான்கிரீட் கட்டமைப்பு. வாஃபிள் ஸ்லாப் என்பார்கள். கூரையில் விசிறியோடு கூடிய வடிகட்டிகள் காற்றைக் கீழ்நோக்கித் தள்ளும். காற்று தரைத்துளை வழியாகக் கீழ்த்தளத்துக்குப் போய், பக்கவாட்டு வழியாக மேலேறித் திரும்பவும் வடிகட்டிக்கு வரும். அந்தக் கீழ்த்தளம்தான் சப்ஃபேப். வெற்றிட பம்புகள், குளிர்விப்பான்கள், வாயுக் கழிவைச் சுத்தம் செய்யும் கருவிகள் எல்லாம் அங்கே. மேலே கருவிக்கு எவ்வளவு இடமோ, கீழே அதன் துணைக் கருவிகளுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு இடம் வேண்டும்.

அதிர்வுக்கு விசி-டி, விசி-இ என்று வரம்புகள் உண்டு. விசி-இ என்றால் தரையின் அதிர்வு விநாடிக்கு சுமார் 3.1 மைக்ரோமீட்டரைத் தாண்டக் கூடாது. விசி-டி-க்கு 6.25. லித்தோகிராபி பகுதி, அதாவது ஒளியால் வேஃபரில் கோடுகளைப் பதிக்கும் இடம், இதற்குள் நிற்க வேண்டும். தூண்களை நெருக்கமாக வைத்துத் தளத்தைக் கனமாகப் போட்டால் மட்டும் போதாது. காலி நிலத்தில் ஒரு முறை, கட்டடம் எழுந்ததும் ஒரு முறை, எல்லா விசிறியும் பம்பும் ஓடும்போது ஒரு முறை என்று மூன்று தடவை அளக்க வேண்டும். மூன்றாவது அளவில்தான் சிக்கல் தலைகாட்டும். ஏதோ ஒரு பம்பின் அதிர்வுத் தாங்கியை யாரோ போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள், அதன் அதிர்வு நேராகத் தூணில் ஏறிவிடும்.

கான்கிரீட்டே அம்மோனியாவை வெளிவிடும் என்பதைப் பல சிவில் பொறியாளர்கள் எதிர்பார்ப்பதில்லை. காற்றில் நூறு கோடியில் ஓரிரு பங்கு அம்மோனியா இருந்தாலே லித்தோவில் பயன்படும் ரெசிஸ்ட் என்ற ஒளியுணர் பூச்சின் மேல்பரப்பில் அமிலம் செத்துப்போகும், கோடுகள் மேலே தடித்து டி எழுத்து வடிவத்தில் வரும். அதனால்தான் ஸ்லாப் முழுக்க, துளைகளின் உள்பக்கம் உட்பட, எபாக்சி பூச்சு. அதுவும் சாதாரண எபாக்சி ஆகாது, ஆவி குறைவாக விடும் வகை வேண்டும். பூச்சு விட்டுப்போன இடத்தைப் பின்னால் கண்டுபிடிப்பது கொடுமை.

கட்டடம் மூடப்பட்டதும் சுத்த நிலைகள் படிப்படியாகத் தொடங்கும். மரப் பலகை, அட்டைப் பெட்டி, உள்ளே வைத்து அறுப்பது, துளைப்பது எல்லாம் தடை. இதுவரை பழகிய வேகத்தில் வேலை செய்ய முடியாது. ஒரு தாங்கி வைக்க நான்கு துளை போட வேண்டுமென்றால்கூட, உறிஞ்சியோடு இணைந்த துளைப்பான், மேலே ஒரு பிளாஸ்டிக் கூடாரம், முடிந்ததும் துடைப்பு. வழக்கமாக பத்து நிமிடத்தில் முடிவது ஒரு மணி நேரம் ஆகும். ஒப்பந்தக்காரர் இந்த வேகக் குறைவை அட்டவணையில் போடாவிட்டால் முதல் மாதத்திலேயே பின்தங்குவார்.

குழாய்ப் பகுதியை ஆர்பிட்டல் எழுதினால் நன்றாக இருக்கும்.

ஆர்பிட்டல் – பதில்

அடித்தளம் சொன்ன தேதிக் கணக்கை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். கருவி உள்ளே வந்த பிறகு அதைக் குழாய்கள், மின்சாரத்தோடு இணைக்கும் வேலைக்கு ஹூக்கப் என்று பெயர். மார்க் லியு சொன்ன ஆள் பற்றாக்குறை இந்த இடத்தில்தான்.

ஒரு எட்ச் கருவியை, அதாவது வேஃபரில் வேண்டாத படலத்தை வாயுவால் அரித்தெடுக்கும் இயந்திரத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம், குளிர்நீர் போக வர, உலர்காற்று, நைட்ரஜன், ஐந்தாறு முதல் பத்துக்கு மேற்பட்ட செயல்முறை வாயுக்கள், ஒவ்வொரு சேம்பரிலிருந்தும் (வேஃபர் வைக்கும் வெற்றிட அறை) கீழ்த்தள பம்புக்கு வெற்றிடக் குழாய், பம்பிலிருந்து சுத்திகரிப்பானுக்கு, அங்கிருந்து பொதுக் கழிவுக் காற்றுக் குழாய்க்கு. ஈரக் கழுவல் கருவி என்றால் வாயுவுக்குப் பதில் அமிலங்கள், அதிதூய நீர், பிறகு தனித்தனி வடிகால்: ஹைட்ரோஃபுளோரிக்குக்கு ஒன்று, மற்ற அமிலத்துக்கு ஒன்று, கரைப்பானுக்கு ஒன்று. வடிகாலை மாற்றி இணைத்துவிட்டால் ஃபுளோரைடு தவறான தொட்டிக்குப் போய், கழிவுநீர் நிலையமே நிற்கும். இப்படிப்பட்ட கருவிகள் ஒரு ஃபேபில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இணைப்புகளின் எண்ணிக்கை பல பத்தாயிரம் தாண்டும்.

இதில் மிகவும் மெதுவான வேலை தூய வாயுக் குழாய். ஒரே ஒரு வெல்டை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

குழாய் 316எல் துருப்பிடிக்கா எஃகு, வெற்றிடத்தில் இரு முறை உருக்கியது, உள்பரப்பு மின்முறையில் மெருகிட்டது. சொரசொரப்பு 0.25 மைக்ரோமீட்டருக்குள். இரண்டு முனையிலும் மூடி, மேலே இரட்டைப் பை. பை பிரிவது சுத்த அறைக்குள் மட்டும். வெட்டும்போது எண்ணெய் கூடாது, உள்ளே ஆர்கான் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், துகள் உள்ளே விழாமல் வெளியே தள்ளப்படும். முனையைச் சதுரமாக முகம் எடுக்க வேண்டும். பிசிறு இருக்கக் கூடாது, அதற்காக உள்விளிம்பைச் சாய்த்து மழிக்கவும் கூடாது. பிறகு இரு முனைகளையும் ஆர்பிட்டல் வெல்டிங் தலையில் பொருத்தினால் டங்ஸ்டன் ஊசி குழாயைச் சுற்றி வந்து, கம்பி சேர்க்காமல், உலோகத்தையே உருக்கி இணைக்கும். உள்ளே ஓடும் ஆர்கானில் ஆக்சிஜன் பத்து லட்சத்தில் சில பங்குக்கு மேல் போனால் வெல்டின் உள்பக்கம் நீலமோ வைக்கோல் நிறமோ பாயும்.

அந்த நிறம்தான் எல்லாக் கேட்டுக்கும் தொடக்கம். அங்கே குரோமியம் படலம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். பின்னால் அந்தக் குழாயில் ஹைட்ரஜன் குளோரைடோ புரோமைடோ போகும்போது, எங்கேயோ மிச்சமிருக்கும் ஈரத்தோடு சேர்ந்து அந்த வளையத்தை அரிக்கும். இரும்பு குளோரைடு துகள் வேஃபரில் போய் உட்காரும். இது வெல்ட் செய்த அன்று தெரியாது, ஆறு மாதம் கழித்து விளைச்சலில் (நல்ல சிப்களின் விகிதம்) தெரியும். அப்போது சுவருக்குப் பின்னால் ஓடும் எந்தக் குழாயில் எந்த வெல்ட் என்று தேட வேண்டும். ஆகவே ஒவ்வொரு வெல்டுக்கும் எண், வெல்டர் அடையாளம், குழாயின் வார்ப்பு எண், ஆர்கான் அளவு எல்லாம் பதிவேட்டில் ஏறும். காலையில் வேலை தொடங்கும்போதும், ஊசி மாற்றினாலும், மின்னிணைப்பு மாற்றினாலும் ஒரு மாதிரி வெல்ட் போட்டு, அதை நெடுக்குவாட்டில் பிளந்து ஆய்வாளர் பார்த்த பிறகுதான் அடுத்த வெல்ட்.

ஒரு வரி, அதாவது ஒரு முழுக் குழாய்த் தொடர், முடிந்ததும் சோதனைகள், இந்த வரிசையில்: அழுத்தத் தாங்கல், ஹீலியம் கசிவு, துகள், ஈரம், ஆக்சிஜன். ஹீலியத்தில் வரம்பு, விநாடிக்கு ஒரு கன சென்டிமீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு வரை கசியலாம், அதற்கு மேல் கூடாது. ஈரம் வழக்கமாக நூறு கோடியில் 10 பங்குக்குள் இறங்க வேண்டும், அது உலர்ந்து இறங்கவே நாள் கணக்கில் ஆகும். இடையில் எவராவது ஒரு மூடியைத் திறந்தால் உலர்த்தல் முதலிலிருந்து.

இப்போது உங்கள் சுத்திகரிப்பு ஆலைக் கேள்வி. அங்கே வெல்டரின் திறமை தடித்த சுவர், உயர் அழுத்தம், கைவேலை, எக்ஸ்ரே சோதனை. அவர்கள் திறமையில் குறையே இல்லை. இங்கே தேவைப்படும் பழக்கம் வேறு, அதைச் சில மாதம் பழக வேண்டும், பழக்குபவரும் வேண்டும். ஃபீனிக்ஸ் பகுதியில் இந்தப் பழக்கம் உள்ளவர்கள் உண்டு, பல வருடமாக இன்டெல் சாண்ட்லரில் ஃபேப் வைத்திருக்கிறதே. ஆனால் 2021 செப்டம்பரில் இன்டெல் அதே சாண்ட்லரில் இரண்டு புதிய ஃபேப்களுக்கு 20 பில்லியன் டாலர் திட்டத்தில் கால்கோள் போட்டது. டெக்சஸில் டெய்லரில் சாம்சங்கும் ஃபேப் கட்டியது. அதே வெல்டர், அதே ஆய்வாளர், அதே ஆர்கான் சிலிண்டர், எல்லாருக்கும் ஒரே நேரத்தில்.

டிஎஸ்எம்சி தைவானிலிருந்து ஆட்களைக் கொண்டுவர முயன்றபோது, அரிசோனா பைப் டிரேட்ஸ் 469 தொழிற்சங்கம் விசா கொடுக்காதீர்கள் என்று மனு போட்டது. 2023 டிசம்பரில் கட்டுமானத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்போடு உடன்பாடு ஏற்பட்டது. அதில் பயிற்சியும் பாதுகாப்பும் முக்கிய அம்சங்கள். என் கருத்தில் அந்த உடன்பாட்டை 2021-லேயே போட்டிருக்க வேண்டும். பழகியவர் ஒருவர், பழகுபவர் இருவர் என்று குழுக்களை ஒன்றரை வருடம் முன்னால் அமைத்திருந்தால் கருவி வந்த நாளில் ஆள் தயாராக இருந்திருப்பார்கள்.

இன்னொன்று, ஆளைத் தாண்டிய காரணம். கருவியின் இணைப்பு வரைபடம் இறுதியாவது தாமதம். கருவி தயாரிப்பாளர் ஒரு வெளியேற்றக் குழாயின் இடத்தைக் கொஞ்சம் நகர்த்தித் திருத்திய வரைபடம் அனுப்புவார். சப்ஃபேபில் அந்த இடத்தில் ஏற்கெனவே கேபிள் தட்டு ஓடும். கணினி மாதிரியில் மோதல் இல்லை என்று காட்டும், ஏனென்றால் மாதிரி பழைய வரைபடத்தில் இருக்கும். வெற்றிடக் குழாயில் ஒரு வளைவு கூடினால் பம்பின் இழுவை குறையும். நைட்ரைடு படிவிக்கும் கருவியென்றால் அந்தக் குழாயை 150 பாகை அளவில் சூடாகவும் வைக்க வேண்டும். சூட்டுறை போடாமல் ஒரு கை நீளம் விட்டுப்போனாலும் அம்மோனியம் குளோரைடு அங்கே உப்பாகப் படிந்து சில வாரத்தில் குழாய் அடைத்துக்கொள்ளும்.

செந்தாழை

ஆர்பிட்டல் சார், அந்த நிறம் பற்றிய விளக்கத்துக்கு மிக்க நன்றி. கசிவுச் சோதனையில் தேறிய வெல்ட்கூட தோற்றுப்போகலாம் என்பது எனக்குப் புதிது. ஓட்டும் ஆட்களைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா? அங்கே சமுதாயக் கல்லூரிகளில் 10 நாள் பயிற்சியில் டெக்னீஷியன்களை உருவாக்குகிறார்கள் என்று படித்தேன். அது உண்மையிலேயே போதுமா?

நாலுஷிஃப்ட் – பதில்

போதாது, ஆனால் அதை மட்டமாகவும் நினைக்க வேண்டாம். மாரிகோபா கல்லூரிகளின் அந்த வகுப்பு 2022-இல் தொடங்கியது. கிளீன்ரூம் உடை போடுவது, பாதுகாப்பு, கருவிப் பயன்பாடு, வெற்றிடம் பற்றிய அடிப்படை. இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்று ஒருவர் தெரிந்துகொள்ளவும், நிறுவனம் அவரைப் பார்த்துக்கொள்ளவும் அது நல்ல வாசல். 12 மணி நேரம் முகம் வரை மூடிய உடையில் நிற்க முடியாது என்பதை ஒருவர் சேருமுன் தெரிந்துகொள்வது இரு தரப்புக்கும் லாபம்.

ஆனால் கருவி பராமரிப்பு என்பது வேறு. எட்ச் சேம்பர் ஒன்றைத் திறந்து சுத்தம் செய்யும் வேலையைப் பாருங்கள். நச்சு வாயுவை நைட்ரஜனால் பலமுறை விரட்ட வேண்டும், ஆற வைக்க வேண்டும், வளிமண்டல அழுத்தத்துக்குக் கொண்டுவர வேண்டும். உள்ளுறைகளை கழற்றி, நூல் உதிராத துணியால் அதிதூய நீரும் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலும் தொட்டு ஒரே திசையில் துடைக்க வேண்டும். ஓ-ரிங் (காற்றடைக்கும் ரப்பர் வளையம்) மாற்ற வேண்டும், முறுக்காமல். போல்டுகளைக் குறுக்கு வரிசையில், சொன்ன முறுக்குவிசையில் இறுக்க வேண்டும். வெற்றிடத்துக்கு இழுத்து, வால்வை மூடி, அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று கசிவு வேகம் பார்க்க வேண்டும். பிறகு சேம்பரின் சுவர் பழகும்வரை வெறும் வேஃபர்களை ஓட்ட வேண்டும். அதன் பிறகு துகள் எண்ணிக்கை, அரிப்பு வேகம், சீர்மை. எல்லாம் வரம்புக்குள் வந்தால்தான் உற்பத்திக்கு. நன்றாகப் போனால் ஒரு முழு ஷிஃப்டோ சற்றுக் கூடவோ ஆகும். ஓ-ரிங் ஒரு இடத்தில் முறுகியிருந்தால் கசிவுச் சோதனையில் விழும், மீண்டும் திறக்க வேண்டும், அடுத்த ஷிஃப்டும் போயிற்று. கையேட்டைப் படித்தவருக்கும் இதை இருபது முறை செய்தவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டாவது திறப்பில் தெரியும்.

எண்ணிக்கைக்குக் கணக்கு எளிது. ஆலை வாரம் 168 மணி நேரம் ஓடும். 12 மணி ஷிஃப்டில் ஒரு வாரம் மூன்று நாள், மறு வாரம் நான்கு நாள் என்றால் ஒருவருக்குச் சராசரி 42 மணி. ஆக ஒரு இருக்கைக்கு நான்கு பேர். லித்தோவில் எந்நேரமும் 6 டெக்னீஷியன் வேண்டுமென்றால் 24 பேர். விடுப்பு, பயிற்சி, விலகிப்போவோர் இதையெல்லாம் சேர்த்தால் 28 முதல் 30. புதிய ஃபேபில் முதல் வருடம் ஆட்கள் விலகுவது அதிகம். நான்கே குழுவுக்குத் தலைக்குச் சரியாக எடுத்தவர்கள், ஆறாம் மாதத்தில் இருப்பவர்களைக் கூடுதல் நேரம் வேலை வாங்கி, அதனால் இன்னும் நான்கு பேரை இழப்பார்கள்.

இதில் பெரிய முடிச்சு, பழகுவதற்கு ஓடும் ஃபேப் வேண்டும், புது ஊரில் ஓடும் ஃபேப் இல்லை. அதனால்தான் டிஎஸ்எம்சி 600-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பொறியாளர்களைத் தைவானின் தைனானுக்கு அனுப்பியது, 12 முதல் 18 மாதப் பயிற்சிக்கு. இதைத் திட்டமிடுவது கடினம். சீக்கிரம் அனுப்பித் திருப்பி அழைத்தால், கருவி இல்லாத கட்டடத்தில் கைப்பழக்கம் ஆறிப்போகும். தாமதமாக அனுப்பினால் கருவி காத்திருக்கும். கட்டுமானம் ஒரு வருடம் தள்ளினால் இந்தக் கணக்கும் சேர்ந்தே குலையும். ஆகவே ஆள் எடுக்கும் அட்டவணையைக் கருவி வரும் தேதியோடு கட்ட வேண்டும், கட்டடத் தேதியோடு கட்டக் கூடாது. கருவி ஆட்களில் லித்தோ, எட்ச் பார்ப்பவர்கள் முதலில். அவர்களுக்கும் முன்னால் வசதித் தொழில்நுட்ப ஆட்கள், அதாவது நீர், வாயு, அமிலம், கழிவுக் காற்று பார்ப்பவர்கள். அவர்கள் நிலையத்தை ஏற்றுக்கொள்ளும் சோதனையிலிருந்தே கூட இருக்க வேண்டும். 2024-இல் அரிசோனாவில் முதல் தொழிற்பழகுநர் திட்டத்தை வசதித் தொழில்நுட்ப ஆட்களுக்கென்றே தொடங்கியது சரியான வரிசைதான்.

மொழியும் உண்டு. செயல்முறைக் குறிப்பு, கோளாறு வரலாறு, பழுது அறிக்கை எல்லாம் தைவானில் சீன மொழியில் எழுதப்பட்டவை. மொழிபெயர்த்த கையேட்டில் படிகள் வந்துவிடும். "இந்த எச்சரிக்கை வந்தால் முதலில் அந்த வால்வைப் பார்" என்று மூத்த பொறியாளர் ஓரத்தில் குறித்தது வராது. அந்தக் குறிப்புகளைத் தேடித்தேடி மொழிபெயர்க்க ஆள் போடுவது வீண் செலவே இல்லை. 2024 வாக்கில் அரிசோனாவில் இருந்த சுமார் 2,200 ஊழியர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் தைவானிலிருந்து வந்தவர்கள். அவர்களோடு வந்த அந்த ஓரக் குறிப்புகள்தான் ஆலையை நிறுத்தாமல் ஓட்டின என்பேன்.

கடைசியாக, கற்கும் வேகம். இந்த நுட்பத்தில் ஒரு வேஃபர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளைத் தாண்டி வெளியே வர மூன்று மாதம் பிடிக்கும். முழு ஓட்டத்தை மட்டும் நம்பினால் வருடத்துக்கு நான்கு பாடம்தான். அதனால் சில அடுக்குகளை மட்டும் ஓட்டி நடுவிலேயே மின்சோதனை செய்யும் குறுஓட்டங்களைக் கருவி வந்த மாதத்திலிருந்தே தொடங்க வேண்டும். 2024 இலையுதிர் காலத்திலேயே அரிசோனாவின் விளைச்சல் தைவானுக்கு இணையாக வந்துவிட்டது என்று செய்தி வந்தது. பாதிப் பேர் பழகிய கைகளாக இருந்ததற்கு அது பலன்.

நீரோட்டம் – பதில்

மேலே எல்லாரும் ஆட்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். குமமோட்டோவோடு ஒப்பிடுவதே முழுக்க நியாயமில்லை. அங்கே 28/22, 16/12 நானோமீட்டர். இயுவி கருவி, அதாவது மிகக் குறுகிய அலைநீளப் புற ஊதா ஒளியால் கோடு பதிக்கும் இயந்திரம், கிடையாது. அரிசோனாவில் இயுவி உண்டு. ஒவ்வொன்றும் சுமார் 180 டன், 40 கொள்கலன், 20 லாரி, 3 சரக்கு விமானம். வந்து இறங்கியதும் கருவிக்கு நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் ஹைட்ரஜன் தர வேண்டும், வெளியே வருவதை எரித்து அழிக்க வேண்டும். மின்தேவை ஒரு மெகாவாட்டுக்கு மேல்.

சுற்றுப்புறமும் வேறு. குமமோட்டோ ஆலை இருக்கும் கிகுயோவில் சோனியின் பட உணரி ஆலை பக்கத்திலேயே, அருகே கோஷியில் கருவி தயாரிக்கும் டோக்கியோ எலக்ட்ரான். கருவி நின்றால் உதிரிபாகம் அதே நாள் வரும். அரிசோனாவில் லிண்டே போன்ற வாயு நிறுவனங்கள் புதிதாக ஆலை போட்டன, ஆனால் அமிலங்களில் இடைவெளி இருந்தது. கந்தக அமிலத்தைத் தைவானிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்துக்குக் கப்பலில் கொண்டுவந்து, அங்கிருந்து லாரியில் ஏற்றுவது உள்ளூரில் வாங்குவதைவிட மலிவு என்று டிஎஸ்எம்சி தலைவர் சி. சி. வெய் 2025 ஜனவரியில் சொன்னார். ரெசிஸ்டை அகற்ற இந்த அமிலம் தொட்டி தொட்டியாகப் போகும், உலோக அசுத்தம் லட்சம் கோடியில் சில பங்குதான் இருக்கலாம். அந்தத் தரத்தைத் தாங்கும் தொட்டி, வால்வு, மாதிரி எடுக்கும் ஆய்வகம் எல்லாம் சேர்ந்துதான் விநியோகம்.

அதே பேச்சில் வெய், ஒவ்வொரு படிக்கும் அனுமதி வாங்க வேண்டியிருந்தது, தைவானைவிடக் குறைந்தது இரு மடங்கு நேரம் ஆனது, 18,000 விதிகளை வகுக்க 35 மில்லியன் டாலர் செலவானது என்றும் சொன்னார். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்இடி மையம் 1990 முதல் 2020 வரை கட்டிய ஃபேப்களைக் கணக்கிட்டதில், தொடக்கத்திலிருந்து உற்பத்தி வரை சராசரி அமெரிக்காவில் 736 நாள், தைவானில் 654, ஜப்பானில் 584. அனுமதிக்கும் அதில் பங்கு உண்டு.

தண்ணீரையும் யாரும் தொடவில்லை. அதிதூய நீரின் மின்தடை 18.2 மெகாஓம்-செ.மீ. தொட வேண்டும், அது எளிது. கரிமப் பொருள் நூறு கோடியில் ஒரு பங்குக்குக் கீழே இறங்குவதுதான் தாமதம். புதிய குழாய்களும் நீரைச் சுத்தம் செய்யும் பிசின்களும் வாரக்கணக்கில் கரிமத்தைக் கசியவிடும், இரவும் பகலும் நீரைச் சுற்றவிட்டுக் கழுவ வேண்டும். எங்கேயாவது நீர் ஓடாமல் நிற்கும் கிளைக்குழாய் இருந்தால் அங்கே பாக்டீரியா படலம் கட்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டுச் சுத்தம் செய்து திரும்ப முதலிலிருந்து கழுவ வேண்டும். இன்னும் கருவி பொருத்தாத இணைப்புகளில்கூட நீர் திரும்பி ஓட ஒரு சிறு வளையம் வைத்தே தீர வேண்டும். ஹூக்கப் ஒரு வருடம் தள்ளினால் அந்த வளையங்கள் அத்தனையும் ஒரு வருடம் பராமரிப்பு கேட்கும்.

செந்தாழை

நீரோட்டம், கடைசிப் பத்தி ரொம்பப் பயன்பட்டது. இன்னொரு கேள்வி கேட்டு நிறுத்திக்கொள்கிறேன். குஜராத்தில் தோலேராவில் டாடா எலக்ட்ரானிக்ஸ், தைவானின் பிஎஸ்எம்சி-யோடு சேர்ந்து கட்டும் ஃபேப் 2024 பிப்ரவரி 29 அன்று அமைச்சரவை ஒப்புதல் பெற்றது. 91,000 கோடி ரூபாய், மாதம் 50,000 வேஃபர், 28 முதல் 110 நானோமீட்டர். அங்கே ஹூக்கப்புக்கு வெல்டர்கள் எங்கிருந்து வருவார்கள்?

ஆர்பிட்டல் – பதில்

நுட்பத்தில் அது குமமோட்டோவுக்கு அருகில், இயுவி இல்லை. சுற்றுப்புறத்தில் அரிசோனாவைவிடக் கடினம், அக்கம்பக்கத்தில் ஓடும் ஃபேப் ஒன்றும் கிடையாது. ஆனால் வெல்டர் விஷயத்தில் ஒரு நல்ல கையிருப்பு இருக்கிறது: அகமதாபாதைச் சுற்றியுள்ள மருந்து ஆலைகள். அங்கேயும் 316எல், மெருகிட்ட குழாய், ஆர்பிட்டல் வெல்டிங், ஆர்கான் ஓட்டம், வெல்ட் பதிவேடு எல்லாம் அன்றாட வேலை. புதிதாகக் கற்பிப்பதைவிட இவர்களைத் திருப்புவது வேகமாக நடக்கும்.

எதை மாற்றிப் பழக்க வேண்டும் என்று சொல்கிறேன். மருந்து ஆலையின் ஏஎஸ்எம்இ பிபிஇ தரத்தில் மின்மெருகிட்ட பரப்புக்கு 0.38 மைக்ரோமீட்டர் வரை ஏற்பார்கள், இங்கே 0.25. அங்கே குழாய்கள் பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கு மேல், இங்கே கால் அங்குலம், அரை அங்குலம்தான் அதிகம். சிறு குழாயில் மின்னோட்டம் சற்றுக் கூடினாலே உள்ளே தொங்கும், சற்றுக் குறைந்தால் ஊடுருவாது. அதனால் மாதிரி வெல்டின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். அங்கே லேசான வைக்கோல் நிறத்தைப் படத்தோடு ஒப்பிட்டு ஏற்பார்கள், இங்கே வெள்ளி நிறம் தவிர வேறெதற்கும் இடமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். மருந்து ஆலையில் குழாய் அமைத்ததும் நீர் அழுத்தச் சோதனை செய்வார்கள், பிறகு அமிலம் விட்டுச் செயலறு படலம் ஏற்றிக் கழுவுவார்கள். அது அவர்களுக்கு ஊறிப்போன ஒழுங்கு. தூய வாயுக் குழாயில் ஒரு சொட்டு நீர் போனாலும் அந்த வரி குப்பைக்குத்தான். ஆகவே பயிற்சிக் கூடத்தில் முதல் வாரமே ஹீலியம் கண்டறிவானையும் ஈரமானியையும் வைத்து, அவர்களே வெல்ட் செய்த வரியை அவர்களே சோதிக்க விட வேண்டும். ஒரு முறை மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் விட்டுவிட்டு, ஈரம் மறுபடி இறங்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்று அந்த மானியிலேயே பார்க்கச் சொல்லுங்கள். வெல்ட் ஆய்வாளர்களையும் இதே கூடத்தில் சேர்த்துப் பழக்க வேண்டும். ஆறு வெல்டிங் கருவிக்கு ஒரு ஆய்வாளராவது இல்லாவிட்டால் மாதிரிகள் மேசையில் குவிந்துகிடக்கும், வெல்டர்கள் கையைக் கட்டி நிற்பார்கள்.